மூடிப்போன ஆலையின் நச்சு மண்: சுத்தம் செய்யும் செலவு யார் தலையில்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிட உதவும் குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை அது. போகும்போது சுமார் 2.27 லட்சம் டன் கழிவை அங்கேயே விட்டுப்போனது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு வறுத்து, நீர்விட்டு உப்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. அதில் குரோமியத்தின் நச்சு வடிவமான ஹெக்சாவேலன்ட் குரோமியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அது நீரில் எளிதில் கரையும், புற்றுநோயும் உண்டாக்கும். மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீராகக் கசிந்து நிலத்தடிக்கு இறங்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இந்தக் கழிவைப் பத்து டன் லாரியில் ஏற்றினால் 22,700 நடை ஆகும். நச்சுக்கழிவைப் புதைக்கும் பாதுகாப்பான குழி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல். அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கும் இடத்திலேயே இரும்பு சல்பேட் கலந்து வீரியத்தைக் குறைக்கலாம், மேலே மூடி போட்டு மழைநீர் இறங்காமல் அடைக்கலாம். எந்த வழியானாலும் செலவு பெரியது. இந்தியா முழுவதும் இப்படி அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்ட இடங்கள் 103. புதிய விதிகள் வந்தபோது சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில்தான்.

அந்த விதிகள்தான் சுற்றுச்சூழல் பாதுகாப்பு (மாசடைந்த இடங்கள் மேலாண்மை) விதிகள், 2025. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. இதற்கான தேசியத் திட்டத்தை வகுக்கும் வேலை 2010இலேயே தொடங்கியது. இடங்களின் பட்டியலும் வழிகாட்டிக் கையேடும் தயாராகிவிட்டன. யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சட்ட ஏற்பாடு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்ததோ அதுதான்.

நடைமுறை இப்படிப் போகும். உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ, தானாகவோ பொதுமக்கள் புகாரின் பேரிலோ, 'மாசடைந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் இடம்' என்று பதிந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தகவல் கிடைத்த 90 நாளுக்குள் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். விரிவான ஆய்வுக்கு அடுத்த மூன்று மாதம். பட்டியலில் உள்ள 189 நச்சு வேதிப்பொருள்களின் அளவு வரம்பைத் தாண்டினால், இடத்தின் பெயரை வெளியிட்டு ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள். பிறகு வல்லுநர் அமைப்பு ஒன்று சீரமைப்புத் திட்டம் வகுக்கும். மாசுக்குப் பொறுப்பாளி யார் என்று கண்டுபிடிக்கவும் வாரியத்துக்கு 90 நாள் உண்டு.

சீரமைப்புச் செலவு முழுவதும் பொறுப்பாளியைச் சேர்ந்தது. ஆள் கிடைக்கவில்லை, அல்லது கட்டும் நிலையில் இல்லை என்றால் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும். உயிரிழப்போ சேதமோ நேர்ந்தது நிரூபணமானால், குற்றப் பொறுப்பு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் தனியாக வரும்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று, 1996இல் அன்றைய வட ஆற்காட்டுப் பகுதித் தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தந்தது. ஆனால் கொள்கை வேறு, வசூல் வேறு. அதே ஆண்டு ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கிலும் தீர்ப்பு வந்தது. சாயத் தொழிலுக்கான அமிலம் தயாரித்த ஆலைகளின் கழிவு அந்த ஊர்க் கிணறுகளைக் கெடுத்திருந்தது. சீரமைப்புக்கு 37.385 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. மனு மேல் மனுவாகப் போட்டு வழக்கை இழுத்தடித்தார்கள். 2011இல்தான் 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லி நீதிமன்றம் முடித்துவைத்தது. அத்தனை ஆண்டுகளும் கிணற்று நீர் அப்படியேதான் இருந்தது.

புதிய விதிகளின் பெரிய ஓட்டையும் இங்கேதான். ஆய்வுக்கு 90 நாள், ஆளைக் கண்டுபிடிக்க 90 நாள் என்று கெடு வைத்தவர்கள், இடத்தைச் சுத்தம் செய்து முடிக்கக் கெடு வைக்கவில்லை. இது சின்னக் குறை அல்ல. அந்தக் கெடுவை மனுவிலும், தேவைப்பட்டால் தீர்ப்பாயத்திலும் மக்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். சீரமைப்பும் இழப்பீடும் கோரி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு (தென்மண்டல அமர்வு சென்னையில்) போக, காரணம் எழுந்ததிலிருந்து 5 ஆண்டு அவகாசம். மற்ற சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு 6 மாதம்தான், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காலம் கடந்துபோன மனுக்கள் உண்டு.

உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால், கிராம சபைத் தீர்மானத்தோடு தொடங்குங்கள். அதன் நகலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இன்னொரு பிரதி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதினால் மனு நகராது. சர்வே எண், ஆலையின் பெயர், ஓடிய ஆண்டுகள், என்ன தயாரித்தது, கழிவு எந்த மூலையில் கொட்டப்பட்டது, எந்தக் கிணறு எந்த ஆண்டிலிருந்து நிறம் மாறியது என்று எழுதுங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர்களின் வாக்குமூலமும், பழைய சம்பளச் சீட்டும், இயக்குநர்களின் பெயரும் இந்தக் கட்டத்தில் பொன் போன்றவை. பொறுப்பாளியைத் தேடும் 90 நாளில் வாரியத்தின் கையில் இவை இருந்தால்தான் "ஆள் இல்லை" என்று கோப்பை மூட முடியாது.

தண்ணீர், மண் பரிசோதனையில் சறுக்குவது அதிகம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஹெக்சாவேலன்ட் குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். அந்த மாதிரியைக் குளிரில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். பாதரசம் உள்ள மண்ணை வெயிலில் காயவைத்தால் ஒரு பகுதி ஆவியாகிவிடும், அறிக்கையில் அளவு குறைந்து வரும். கழிவு மேட்டுக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, நிலத்தடி நீரோட்டம் போகும் கீழ்ப்பக்கம் ஒரு கிணறு என்று எடுக்காவிட்டால், "இயற்கையிலேயே இந்த மண்ணில் இருந்தது" என்ற எதிர்வாதத்துக்குப் பதில் இருக்காது.

கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, நகராட்சிக் குப்பைக் கிடங்கு ஆகியவை பொதுவாக இந்த விதிகளில் சேராது. அவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரியான குப்பைக் கிடங்குகளுக்கு இதைச் சுட்டி மனு போட்டால் திரும்பி வரலாம்.

பழைய ஆலை நிலத்தை வாங்கி மறுபடி பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: வில்லங்கச் சான்றில் நஞ்சு தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு வாரியத்திடம் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: ஆலை இயங்க வாரியம் தந்த அனுமதியான இசைவாணை, நச்சுக்கழிவுக் கணக்காக ஆண்டுதோறும் ஆலை தாக்கல் செய்த படிவம் 4, கழிவு வெளியே போனதற்கான படிவம் 10. படிவம் 4இல் உண்டானதாகக் காட்டிய கழிவிலிருந்து படிவம் 10இன் கணக்கைக் கழியுங்கள். கணக்கில் வராத டன்கள் பெரும்பாலும் நீங்கள் வாங்கப்போகும் மண்ணுக்கடியில்தான் கிடக்கும்.

எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதும் பணக் கேள்விதான். கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையில் பொறுப்பாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா என்பதே பல ஆண்டுச் சண்டை ஆனது. தொழிற்சாலை அளவுக்குச் சுத்தமான மண் வீடு கட்டவோ பள்ளி கட்டவோ போதாது. அதனால் சீரமைப்புத் திட்டம் வகுக்கும்போதே நிலம் பின்னாளில் என்னவாகப் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள், அந்தப் பயன்பாட்டுக்கான அளவையே இலக்காக வைக்கச் சொல்லுங்கள்.