ஈரம் காயாத மூலைக்கு ஒரு கோரை

கிணற்றடி, குழாயடி, ஏசி தண்ணீர் சொட்டும் இடம் என்று பல வீடுகளில் ஈரம் காயாத மூலை ஒன்று இருக்கும். அங்கே ரோஜா வைத்தால் இலை பழுத்து, கொஞ்ச நாளில் செடியே போய்விடும். தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது என்போம். ஆனால் முதலில் நடப்பது மூச்சுத் திணறல். வேரும் சுவாசிக்கிறது. மண்ணில் காற்று இருந்த இடுக்குகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், மிச்ச ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும் என்பதால் புதிதாகவும் வந்து சேராது.

கோரை இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. நர்சரிகளில் ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று விற்கிறார்களே, அது பனை வகையே இல்லை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கப் பக்கத்துக் கோரை. அதன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோல் பொடிப்பொடியாகக் காற்றறைகள். மேலிருந்து வேர் நுனிவரை இவை வழியாகத்தான் ஆக்சிஜன் இறங்குகிறது. அதில் கொஞ்சம் வேரிலிருந்து கசிந்து சுற்றியுள்ள சேற்றுக்கும் போகும். சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டுத் துருவாகி வேர்மேல் படியும். பழைய செடியைப் பிடுங்கும்போது வேர் செம்பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதுதான். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்புகளில் இந்தக் கோரையை நடுவதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

சரி, எப்படி வளர்ப்பது? காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டுச் செடியில், தண்டின் உச்சியில் குடைபோல் விரிந்திருக்கும் இலைக்கொத்து ஒன்றை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் போடுங்கள். சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். இயற்கையிலும் தண்டு சாய்ந்து தலை சேற்றில் பட்டால் அங்கே புதுச் செடி கிளம்பிவிடும். ஓட்டையில்லாத தொட்டியும் போதும், ஆனால் மண்ணுக்கு மேல் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசு வரும். அரை நிழலே நல்லது, நல்ல வெயிலில் வைத்தால் தண்ணீர் வற்றவே கூடாது, வற்றினால் இலை நுனி கருகும்.

இது மளமளவென்று பரவும். ஆஸ்திரேலியாவில் ஓடைக்கரைகளில் களையாகவே ஆகிவிட்டது. அதனால் பூத்த தலைகளை விதை முற்றுவதற்குள் வெட்டிவிடுங்கள். பிடுங்கியதை வாய்க்காலிலோ ஏரியிலோ வீசாமல் நன்றாகக் காயவைத்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.