இடம் மாறினால் குறி மாறும்

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் ஏ நிலைத் தேர்வுக்காக எச்2 கணிதம் படிப்பவர்கள் கிராஃபிங் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ், ஒய் என எழுத்துகளாகவே கோவைகளை விரித்துச் சுருக்கும் வசதி அதில் இருக்கக்கூடாது. பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அந்த வேலைக்கென்றே சேஜ்மேத், மேப்பிள், மேத்தமெட்டிக்கா போன்ற மென்பொருள்கள் எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. டிஎக்ஸ், டிஒய் போன்றவற்றால் ஆன வகையீட்டு வடிவங்களோடும் (differential forms) இவற்றால் கணக்குப் போட முடியும்.

தொகையீட்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎக்ஸை நாம் பெரும்பாலும் சம்பிரதாயத்துக்குத்தான் எழுதுகிறோம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எலீ கார்ட்டான் 1899-இல் அதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, வகையிடுவதற்கும் விதி வகுத்தார். டிஎக்ஸ், டிஒய் போன்றவற்றைப் பெருக்கும்போது ∧ குறி போடுவார்கள். முக்கியமான விதி ஒன்றே ஒன்று: இடம் மாறினால் குறி மாறும். டிஒய்∧டிஎக்ஸ் என்றால் கழித்தல் டிஎக்ஸ்∧டிஒய். அப்படியானால் டிஎக்ஸ்∧டிஎக்ஸ் பூஜ்ஜியம்தான்.

கணினிக்கு இது வெறும் வரிசைப்படுத்தும் வேலை. ஆயங்களுக்கு (எக்ஸ், ஒய் போன்ற இட அளவுகளுக்கு) எண் கொடுத்துவிடும். 3, 1 என்று வந்தால் 1, 3 ஆக்கிக் குறியை மாற்றும். ஒரே எண் இரண்டு முறை வந்தால் அந்த உறுப்பையே தூக்கிப் போட்டுவிடும். இடத்தின் மூன்றோடு காலமும் சேர்ந்த நான்கு பரிமாணத்தில் இரண்டிரண்டாகப் பெருக்கினால் 16 சோடிகள் வரும், ஆனால் சேமிக்க வேண்டியது 6 மட்டுமே. மின்புலத்தின் 3 கூறுகளும் காந்தப்புலத்தின் 3 கூறுகளும் கச்சிதமாக அந்த ஆறில் அடங்கிவிடுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். டோபி காட் எம்ஆர்டி நிலையம் மையம். ஓர் இடத்தைக் கிழக்கே எக்ஸ், வடக்கே ஒய் என்றும் சொல்லலாம். தூரம் ஆர், கோணம் தீட்டா என்றும் சொல்லலாம்.

டிஎக்ஸ் = கொசைன் தீட்டா டிஆர் − ஆர் சைன் தீட்டா டிதீட்டா
டிஒய் = சைன் தீட்டா டிஆர் + ஆர் கொசைன் தீட்டா டிதீட்டா

பெருக்கினால் நான்கு உறுப்புகள். டிஆர்∧டிஆர், டிதீட்டா∧டிதீட்டா இரண்டும் போய்விடும். மீதி இரண்டில் ஒன்று வரிசை தப்பியிருக்கிறது. திருப்பினால் அதன் கழித்தல் கூட்டலாகிறது. மிஞ்சுவது ஆர்(கொசைன்² தீட்டா + சைன்² தீட்டா) டிஆர்∧டிதீட்டா, அதாவது ஆர் டிஆர்∧டிதீட்டா. அந்த ஆர் ஏன் வருகிறது என்பது வரைபடத்தில் தெரியும்: மையத்திலிருந்து 1 கிலோமீட்டரில் ஒரு பாகைக்கு அகலம் சுமார் 17 மீட்டர், ஜூரோங் பக்கம் 10 கிலோமீட்டர் போனால் சுமார் 175 மீட்டர்.

கணினி திணறும் இடம் இந்த வடிவியல் அல்ல. கொசைன்² + சைன்² என்பது 1 என்று நமக்குப் பார்த்ததும் தெரியும். இயந்திரத்துக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். சுருக்காமல் விட்டால் நாலைந்து பெருக்கலில் கோவை பக்கக்கணக்கில் வீங்கிவிடும். சுருக்கினாலும் முழு உத்தரவாதம் இல்லை. சைன், அடுக்குக்குறிச் சார்பு, தனிமதிப்பு எல்லாம் கலந்த கோவை பூஜ்ஜியமா இல்லையா என்று எல்லா நேரமும் தீர்மானிக்கும் வழிமுறையே இருக்க முடியாது என்று 1968-இல் கணிதவியலாளர் ரிச்சர்ட்சன் நிறுவிவிட்டார்.

அதனால் மென்பொருள்கள் நம்மிடம் துப்பு கேட்கின்றன. சேஜ்மேத்தில் ஆயங்களை அறிவிக்கும்போதே ஆர் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஆர்²-இன் வர்க்கமூலம் ஆர் ஆகிவிடும். சொல்ல மறந்தால் ஆரின் தனிமதிப்பு என்றே நிற்கும், அப்புறம் அடுத்தடுத்த வகையீடுகளிலும் கூடவே வரும்.