பிளானில் கட்டிலைப் போட்டுப் பாருங்கள்

கோவைப் பக்கம் தனி வீடு கட்ட வருகிறவர்களில் நிறையப் பேரிடம் இருப்பது முப்பதுக்கு நாற்பது மனைதான். 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். கூடவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிளானும் போனில் இருக்கும். முதல் கேள்வி, "பெட்ரூம் பத்துக்குப் பத்து வந்துருங்களா?" வந்துவிடும். அதில் கட்டில், பீரோ எல்லாம் போட்ட பிறகு நடக்க இடம் இருக்குமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பத்து எங்கிருந்து எங்கே என்று முதலில் கேளுங்கள். உள்ளளவா, சுவரையும் சேர்த்தா? சுற்றிலும் விதிப்படி இடம் விட்டது போக 24க்கு 32 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 768 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். நாலு பக்கமும் கழித்தால் உள்ளே 22½க்கு 30½, அதாவது 686. ஒரு சமையலறை அளவு இடம் சுவருக்கே போய்விட்டது, அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் இன்னும் கணக்கில் வரவில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சுவர் கட்டவும் செலவுதான், அதனால் சதுர அடி ரேட் 768க்குத்தான் பேசுவார்கள். ஆனால் மனதில் வீட்டை அளக்கும்போது 768ஐ வைத்து அளக்காதீர்கள்.

சரி, உள்ளளவே பத்துக்குப் பத்து கிடைத்துவிட்டது. இப்போது பென்சிலால் அதில் கட்டிலை வரையுங்கள். இரண்டு பேர் படுக்கும் பெரிய கட்டில் 6க்கு 6½ அடி. தலைமாட்டைச் சுவரில் ஒட்டினால் கால்மாட்டில் 3½ அடி மிச்சம். அந்தப் பக்கச் சுவரில் இரண்டு அடி ஆழத்துக்குக் கப்போர்டு அடித்தால் நடுவில் ஒன்றரை அடி. கப்போர்டு கதவைத் திறக்க வேண்டுமானால் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். அதே அறையைப் பத்துக்குப் பன்னிரண்டாக்கி நீளவாக்கில் கட்டிலைப் போட்டால் பிரச்சினையே இல்லை. அந்த இரண்டு அடியை ஹாலிலிருந்து எடுக்கலாம். முழு நாளும் டிவி மட்டும் குடியிருக்கும் ஹாலுக்கு அவ்வளவு நீளம் தேவையா என்பது என் பழைய சந்தேகம்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் படத்தில் பாருங்கள். ஸ்விட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போகிறதா, பாத்ரூம் கதவு திறந்தால் சாப்பாட்டு மேஜைக்கு நேராக இருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் கதவுக்குப் போட்டிருக்கும் அந்தச் சின்ன வளைகோட்டில் தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சிலிண்டர், இன்வெர்ட்டர், செருப்பு ஸ்டாண்ட் இவற்றுக்கும் இடம் குறியுங்கள். குறிக்காவிட்டால் எல்லாம் மாடிப்படிக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

மாடிப்படிக்கு வருவோம். பல பிளான்கள் கெடுவது இங்கேதான். அறைகளையெல்லாம் அடுக்கிவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் படியைத் திணிக்கிறார்கள். தளத்துக்குத் தளம் பத்தடி உயரம் என்றால் 120 அங்குலம். ஒரு படி ஆறு அங்குல உயரம் வைத்தால் இருபது ஏற்றம். நடுவில் திரும்பும் படியென்றால் பக்கத்துக்குப் பத்து ஏற்றம், மிதிக்க ஒன்பது படி; பத்தாவது ஏற்றம் திரும்புமிடத்திலோ மேல்தளத்திலோ போய் முடியும். மிதிபலகை பத்து அங்குலம் வைத்தால் ஏழரை அடி, திரும்புமிடம் மூன்றடி. ஆக நீளம் பத்தரை அடி, அகலம் ஆறரை அடி. ஏறத் தொடங்குமிடத்தில் நிற்கக் குறைந்தது மூன்றடியாவது வேண்டும். இந்த இடத்தை ஒதுக்காத பிளானில் படி உயரம் எட்டு அங்குலமாகிவிடும். இருபத்தைந்து வயதில் அது தெரியாது, முட்டி வலி வந்த பிறகு தெரியும்.

படி வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். பிற்காலத்தில் மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் வெளிப்படிதான் சரி. உள்ளே வைத்துவிட்டால் குடிவருகிறவர் உங்கள் ஹால் வழியாகத்தான் மேலே போவார். அப்புறம், மாடி எடுப்பது பத்து வருஷம் கழித்துத்தான் என்றாலும் இன்ஜினியரிடம் அதை இன்றே சொல்லிவிடுங்கள். அஸ்திவாரமும் பில்லரும் அந்தப் பாரத்துக்கு வடிவமைக்கப்பட வேண்டும்.

வாஸ்து பார்க்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பார்ப்பதாக இருந்தால் பிளான் போடும் முன்பே பாருங்கள், பில்லர் எழும்பிய பிறகு அல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கன்னி மூலையில் பெரிய படுக்கையறை வேண்டும் என்பார்கள். தென்மேற்கு மூலை என்றால் மாலை வெயில் முழுவதும் அந்த அறையின் மேற்குச் சுவரில்தான் விழும். செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை நீங்கள் தூங்கப்போகும் நேரத்தில் உள்ளே விடும். அறையை மாற்ற வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் கப்போர்டை வையுங்கள், வெளியே சன்ஷேடைக் கொஞ்சம் நீட்டுங்கள். அதற்காக மேற்கு ஜன்னலை ஒரேயடியாக மூடிவிடவும் வேண்டாம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்துக்கு ஒரு வரம். சென்னையில் இதே கணக்கு வேலை செய்யாது, அங்கே கடல் காற்று கிழக்கிலிருந்து வரும்.

பெற்றோர் கூட இருந்தால் தரைத்தளத்தில் அவர்களுக்கு ஓர் அறையும் ஒட்டிய பாத்ரூமும் அவசியம். பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் நிலையின் வெளியளவு. சட்டங்களைக் கழித்தால் உள்ளே நுழையும் வழி கிட்டத்தட்ட இரண்டு அடி. சாதாரண சக்கர நாற்காலியே அதைவிட அகலம். அந்த ஒரு கதவை மூன்றடியாக்கச் சில ஆயிரம்தான் கூடும். பிறகு உடைத்து மாற்றினால் டைல்ஸும் சேர்ந்து போகும்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் விதிப்படி கட்டுகிறேன் என்று சான்று தருவது நீங்கள். அனுமதி வாங்க ஒரு படம், மேஸ்திரிக்கு வேறொரு படம் என்ற பழக்கம் இங்கே ஆகாது. வங்கிக் கடன் வாங்கினால் மதிப்பீட்டாளரும் அனுமதி பெற்ற படத்தை வைத்துத்தான் தளத்தைப் பார்ப்பார்.

பில்லர் மார்க்கிங் நாளில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று பார்த்தால் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும். திறந்த வெளியில் கண்ணுக்கு அப்படித்தான் படும். உறவினர் யாராவது, "இதுல ஓரடி தள்ளிப் போடச் சொல்லுங்க" என்பார். தள்ளினால் பக்கத்து அறை ஓரடி குறையும், பீமின் நீளம் மாறும், கம்பிக் கணக்கும் மாறும். பெரும்பாலும் அந்த ஓரடியை எடுப்பது மாடிப்படியிலிருந்துதான்.