பூட்டிக் ஹோட்டல்: கடை எப்படி விடுதியானது?

‘பூட்டிக் ஹோட்டல்’, அதாவது தனக்கென ஒரு பாணியோடு அமைந்த சின்ன விடுதி, என்றதும் பலரும் ‘சொகுசு விடுதி’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். வாடகையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தச் சொல்லுக்குள் சொகுசு கிடையாது, இருப்பது கடை.

பிரெஞ்சு மொழியில் பூட்டிக் என்றால் சின்னக் கடை. வேரைத் தேடிப் போனால் லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் ‘அபோதேகே’யில் முடியும், பொருள்களைப் போட்டு வைக்கும் கிடங்கு என்று அர்த்தம். அதே வேரிலிருந்து ஸ்பானிய மொழிக்கு இரண்டு பிள்ளைகள்: மருந்துக்கடைக்கு ‘போத்திகா’, மது வைக்கும் நிலவறைக்கு ‘போதேகா’. கியூபாவில் ரேஷன் அட்டையோடு அரிசி வாங்கப் போகும் கடைக்கும் போதேகா என்றுதான் பெயர். இலங்கைத் தமிழர் மருத்துவருக்குச் சொன்ன ‘அப்போதிக்கரி’யும் இந்தக் குடும்பம்தான். இன்னொன்று: இந்தச் சொல் போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக்கும் வந்தது; இலங்கை ஆங்கிலத்தில் தெருமுனைப் பெட்டிக்கடையைக்கூட ‘பூட்டிக்’ என்றே சொல்லி வந்தார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு எந்தப் பளபளப்பும் இல்லை.

ஹோட்டலின் கதையும் இப்படித்தான். ‘ஹாஸ்பிட்டல்’, ‘ஹாஸ்டல்’, ‘ஹோட்டல்’ மூன்றும் விருந்தினர் தங்குமிடத்தைக் குறித்த ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. வேரை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் ‘கிடங்கு ஆஸ்பத்திரி’ என்றுதான் வரும்!

சரி, இரண்டு சொல்லும் எப்போது ஒட்டிக்கொண்டன? 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற விடுதியை இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் திறந்தார்கள். மற்ற ஹோட்டல்கள், எல்லாப் பொருளும் கிடைக்கும் பெரிய பல்பொருள் அங்காடி என்றால், எங்களுடையது பூட்டிக் என்று ரூபெல் சொன்னதாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே லண்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இந்த வகை விடுதிகள் இருந்தன. பெயர்தான் பிறகு வந்தது. ஆக, சொல்லின் உயிர் விலையில் இல்லை, எதிர்நிலையில் இருக்கிறது: நகல் எடுத்ததுபோல் ஊருக்கு ஊர் நிற்கும் சங்கிலி ஹோட்டலுக்கு எதிர்.

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய நகரத்தில், இரும்புக் கசடில் வார்த்த நீலம் பாய்ந்த கற்கள் பதித்த தெருவில், பேராலயத்துக்கு எதிரே நிற்கிறது ‘எல் கொன்வெந்தோ’. பெயருக்குப் பொருளே கன்னிமாடம். 1651இல் கார்மேல் சபைக் கன்னியருக்காகத் தொடங்கியது, 1903இல் மூடப்பட்டது. அப்புறம் அந்தக் கட்டடம் படாத பாடில்லை: நடனக்கூடம், மலிவு லாட்ஜ், கடைசியில் குப்பை லாரி நிறுத்துமிடம். 1962இல் அதை ஹோட்டலாகத் திறந்தவர் ராபர்ட் ஃபிரெடரிக் வுல்வொர்த். ஆம், ஒரே அச்சில் ஊருக்கு ஊர் மலிவு விலைக் கடை திறந்த அதே வுல்வொர்த் குடும்பம்! பூட்டிக் என்ற சொல் எதை எதிர்த்துப் பிறந்ததோ, அந்த வணிகத்தின் வாரிசு.

இப்போது 58 அறைகள். கன்னியர் நடந்த வளைவுத் தாழ்வாரம் நடு முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. முற்றத்தில் ஒரு பழைய நிஸ்பெரோ மரம். (போர்ட்டோ ரிக்கோவில் சப்போட்டாவை அப்படித்தான் சொல்வார்கள்.) இந்த முற்றத்தை இன்னோர் ஊரில் திரும்பக் கட்ட முடியாது.

பழமை மட்டும் போதுமா என்றால், போதாது. கியூபாவின் தலைநகர் ஹவானாவில் உள்ள ஹோட்டல் நசியோனால் 1930இல் திறந்தது. வரலாற்றுச் சிறப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் 400க்கும் மேற்பட்ட அறைகள். அதை மரபு விடுதி என்னலாம், பூட்டிக் என்று சொல்ல முடியாது.

தமிழில் என்ன சொல்வது? முதல் சிக்கல் ஹோட்டலில்: நமக்கு அது இட்லி சாப்பிடும் இடம். அதனால் ‘விடுதி’ நல்லது. ‘விடு’ என்ற வினையில் பிறந்தது, ‘வீடு’ம் அதற்கு உறவு. ‘குறுவிடுதி’ என்றால் அளவை மட்டும் சொல்லும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜ்தான் நினைவுக்கு வரும். ‘சொகுசு விடுதி’ தவறான இடத்தைத் தொடுகிறது. ‘கலைநய விடுதி’ பரவாயில்லை, ஆனால் சுவரில் ஓவியம் மாட்டிய எல்லா இடத்துக்கும் பொருந்திவிடும். என் தேர்வு ‘தனிப்பாங்கு விடுதி’. சின்னது என்று அது வாய்விட்டுச் சொல்லவில்லை, உண்மைதான்; ஆனால் நகலெடுக்க முடியாதது என்பதைச் சொல்லிவிடுகிறது. எல் கொன்வெந்தோ போன்ற பழங்கட்டடம் என்றால் ‘தனிப்பாங்கு மரபு விடுதி’. கொஞ்சம் நீளம்தான். கட்டுரையில் முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘விடுதி’ என்று மட்டும் போட்டால் படிக்க உறுத்தாது.

சான் ஹுவானில் ‘ஓத்தெல் பூத்திக்’ என்று மாற்றிப் போட்டுக் கேளுங்கள், வழி காட்டுவார்கள். ‘போத்திகா’ என்று கேட்டால் மருந்துக்கடைக்குத்தான் கை காட்டுவார்கள்.