ரெய்ஷி காப்ஸ்யூல் ஆன்டிபயாட்டிக் அல்ல

நீரிழிவுக் கால்புண்ணுக்கான ஆன்டிபயாட்டிக்கை நடுவில் நிறுத்திவிட்டு, ரெய்ஷி என்ற காளானின் காப்ஸ்யூலுக்கு மாறியவர்களில் இந்த மாதம் இவர் மூன்றாமவர். கட்டைப் பிரித்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழ் எடுத்துக்கொண்டிருந்தபோதே அவருடைய மகன் ஒரு துண்டறிக்கையை நீட்டினார். பாக்டீரியா படர்ந்த பெட்ரித் தட்டும் (ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டு), அதன் நடுவே கிருமி வளராத தெளிந்த வட்டமும் அதில் அச்சாகியிருந்தன. "லேப்லயே நிரூபிச்சிருக்காங்க, டாக்டர்" என்றார்.

அத்தகைய வட்டங்களை நாள்தோறும் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது என் தொழில். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்காக நாங்கள் வைக்கும் காகித வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. காளான் சாற்றையோ மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற செறிவில்கூடக் கரைத்து, தட்டில் குடைந்த குழியில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றுகிறார்கள். அது 10 மில்லிகிராம், அதாவது 2000 மடங்கு. சாற்றைப் பிரிக்க உதவிய மெத்தனால் தானே கிருமியைத் தடுக்கக்கூடும் என்பதால், வெறும் கரைப்பான் ஊற்றிய குழி ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். (மாணவர்களின் ஆய்வேடுகளில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.) துண்டறிக்கைப் படத்தில் அது இல்லை. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், தட்டில் செரிக்கும் குடல் இல்லை, சிதைக்கும் கல்லீரல் இல்லை, இரத்த ஓட்டம் குன்றிய கால்விரலும் இல்லை.

'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற பெருமையும் பெரும்பாலும் சோதனைக் குழாயோடு நின்றுவிடுவதே. டிபிபிஹெச் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊதா நிறம் மஞ்சளாக வெளுப்பதைத்தான் அளக்கிறார்கள். நாம் குடிக்கும் தேநீரும் அதை வெளுக்கச் செய்யும்.

காளானை நான் இகழவில்லை. 1951-இல் ஒரு காளானிலிருந்து பிரித்தெடுத்த ப்ளூரோமியூட்டிலின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளின் வழியில்தான் ரெட்டபாமுலின் என்ற தோல் களிம்பு 2007-இலும், நிமோனியாவுக்கான லெஃபாமுலின் 2019-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மூலக்கூறைத் தனியாகப் பிரித்து, திருத்தி, அளவு கண்டு, மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அத்தனை காலம் ஆயிற்று. புட்டியில் அடைத்த பொடி இவற்றில் எதைக் கடந்து வந்தது?

எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர்கள் ரெய்ஷியைத் தொட வேண்டாம். இரத்தக் கசிவு கூடக்கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. சாகா என்ற இன்னொரு காளானில், சிறுநீரகத்தில் படிந்து கெடுக்கக்கூடிய ஆக்சலேட் மிகுதி. அதன் பொடியை மாதக்கணக்கில் உண்ட 72 வயதுப் பெண்மணியின் சிறுநீரகம் செயலிழந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2014-இல் பதிவு செய்திருக்கிறார்கள். தென்னையின் அடியில் முளைக்கும் கானோடெர்மா என்ற பூசணமும் ரெய்ஷியும் ஒன்றுதானே என்று வெட்டி வந்து காய்ச்சுபவர்களே, தஞ்சாவூர் வாடல் நோயில் மரத்தைச் சாய்க்கும் அந்தப் பூசணத்தைத் தோட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சாப்பிட்டே தீருவீர்கள் என்றால், தயவுசெய்து அந்தப் புட்டியை மருத்துவரிடம் எடுத்து வாருங்கள். நாங்கள் திட்டமாட்டோம்; இரத்தப் பரிசோதனை முடிவு ஏன் இப்படி வந்தது என்று தெரியாமல் நாள்களை வீணாக்கவும் மாட்டோம்.