தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாதீர்கள்

கச்சேரியில் பிரதான உருப்படி ஒரு கட்டத்துக்கு வந்ததும் பாடகர் நிறுத்திக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். அதற்காகவே காத்திருந்த மாதிரி சபாவில் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீனுக்குக் கிளம்பும். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. மனித மூளை இசையை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று நேரிலேயே பார்க்க, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற இந்தத் தனி ஆவர்த்தனத்தைப்போல இன்னொரு இடம் கிடைக்காது. அந்த நேரத்தில் மேடையைக்கூடப் பார்க்க வேண்டாம், முன்வரிசை ரசிகர்களின் கைகளைப் பாருங்கள். தொடையில் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டு வாசித்து முடிக்கிற கடைசிக் கோர்வை நெருங்க நெருங்க முதுகு நிமிரும், பக்கத்துச் சீட்டுப் பேச்சு நிற்கும், கோர்வை வந்து இறங்குகிற அந்த இடத்தில் அத்தனை கையும் ஒன்றாக விழும், பின்னாலேயே ஒரு "பலே". இன்ன நொடியில் முடியும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சத்தம் காதில் விழுகிறது, அப்புறம் கை அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கையை அசைக்கச் சுமார் 0.15 நொடியாவது பிடிக்கும். அப்படியானால் ரசிகரின் கை ஒவ்வொரு அடிக்கும் பின்தங்கியே விழ வேண்டும். சீரான சத்தத்துக்கு ஏற்ப விரலால் தட்டச் சொல்லும் சோதனைகளில் நடப்பது நேர்மாறு: பெரும்பாலானவர்களுக்கு விரல் சத்தத்தைவிட ஒரு துளி முன்னாலேயே விழுகிறது. ஆக, மூளை அடியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லவில்லை, அடுத்த அடி எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துக் கையை அனுப்பிவிடுகிறது.

கை அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் இது நடக்கிறது. 2007-இல் ஜெசிக்கா கிரான், மாத்யூ பிரெட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்துத் தாளக்கட்டுகளைக் கேட்டவர்களின் மூளையில் உடல் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்தன, அதுவும் நடை தெளிவாக இருந்த தாளக்கட்டுகளுக்குக் கூடுதலாக. பழக்கம்தான் காரணமா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது டிரம் தாளத்தை ஒலிக்கவிட்டு, நடுவே முதல் அடியை மட்டும் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார்கள். விட்டுப்போன இடத்தில் குழந்தையின் மூளை அலைகள் மாறின. வராத சத்தத்துக்கு மூளை பதில் சொல்ல வேண்டுமென்றால் அது அந்தச் சத்தத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

சரி, இப்போது மிருதங்கத்துக்கு வருவோம். கோர்வை பெரிய சமாசாரம், அதன் சின்னஞ்சிறு உறவான, ஒரே சொற்கட்டை மூன்று தடவை வாசித்து முடிக்கும் ஒரு தீர்மானத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. "த தி கி ண தொம்" என்பது ஐந்து மாத்திரை. இதை மூன்று தடவை வாசித்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் 5, 2, 5, 2, 5 என்று 19 ஆகிறது. இது முடிந்த கையோடு அடுத்த சுற்றின் முதல் அடியான சமம் வர வேண்டுமென்றால் 32-இல் 19 போக 13 மாத்திரை, அதாவது மூன்றேகால் எண்ணிக்கை கழித்துத் தொடங்க வேண்டும். வாசிப்பவர் தொடங்கும் இடம் எந்த அடியிலும் உட்காராத கோணலான இடம். கேட்பவருக்கு முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. இரண்டாம் தடவை, ஓ, அதேதான் என்று தெரிகிறது. மூன்றாவது தொடங்கும்போது எங்கே முடியும் என்று மூளைக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் இன்னும் முடியவில்லை. இந்தக் கலையின் சூட்சுமம் முழுக்க அந்த ஐந்து மாத்திரைக்குள் இருக்கிறது என்பேன். தீர்மானத்தை மூன்று தடவை வாசிக்கும் வழக்கத்தை வகுத்தவர்கள் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில்லை, ஆனால் கேட்பவர் மனசு எப்படி ஓடும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மிருதங்கமும் ஒத்துழைக்கிறது. சாதாரணமாக ஒரு தோல் வட்டத்தை அடித்தால் கிளம்பும் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, அதனால் சுருதி தெளிவாகக் கேட்காது. ஒருவகைக் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் அப்பும் அந்தக் கருப்பு வட்டம் தோலின் எடையை மாற்றி, மேல் அதிர்வுகளைச் சுருதியோடு இணங்கவைக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-இலும் பிறகு 1934-இலும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதனால் தீம், நம் என்று வலந்தலையில் எழும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் நிற்கிறது, சொற்கட்டை ஒரு பாட்டு வரியைப்போல நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறது.

புல்லரிப்புக்கு வருவோம். 2011-இல் கனடாவின் மான்ட்ரியலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும் சக ஆய்வாளர்களும், இசை கேட்டால் நிச்சயம் புல்லரிக்கும் என்கிற சிலரைத் தேர்ந்தெடுத்து, அவரவருக்குப் பிடித்த இசையையே கொண்டுவரச் சொல்லி மூளையை அளந்தார்கள். உச்சம் வந்த நேரத்தில், மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது, அதுகூட எதிர்பார்த்ததுதான். உச்சத்துக்குச் சற்று முன்பு, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலும் சுரந்தது, அதுவும் வேறொரு பகுதியில். மூன்றாவது "த தி கி ண தொம்" ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகுத்தண்டில் சிலிர்ப்பதன் காரணத்தை நான் இங்கேதான் தேடுவேன். டோபமைன் வெறுமனே கூடவே வருகிற ஒன்றா, அதுதான் காரணமா என்ற சந்தேகத்தை 2019-இல் வந்த ஆய்வு பெருமளவு தீர்த்தது. டோபமைனைக் கூட்டும் மருந்து கொடுத்தபோது அதே ஆட்களுக்கு இசை கூடுதலாக இனித்தது, அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது இன்பம் குறைந்தது. அப்புறம், மற்ற எல்லா சுகங்களும் தெரிந்தும் இசை மட்டும் எட்டாத ஆட்களும் உண்டு, அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று திட்டுவது நியாயமே இல்லை.

இதையெல்லாம் வீட்டில் ஹெட்போன் மாட்டியும் கேட்கலாமே என்றால், கேட்கலாம், ஆனால் ஒன்று குறையும். 2024-இல் சூரிச் பல்கலைக்கழகத்தினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களின் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா எப்படி வேலை செய்கிறது என்பது பியானோ வாசிப்பவருக்கு உடனுக்குடன் தெரியும், அதைப் பார்த்து அவர் வாசிப்பை மாற்றிக்கொள்வார். அப்படி வாசித்தபோது, பதிவு செய்த இசையைவிட அமிக்டலா அதிகமாகவும் சீராகவும் செயல்பட்டது. நம் வித்வான்களுக்கு ஸ்கேன் தேவையில்லை, முன்வரிசையில் தாளம் பிசகாமல் போடுகிற ஒரு மாமாவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அவர் முகத்தைப் பார்த்தே அடுத்த சுற்றை வைப்பார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கனடாவில் ஒரு மின்னிசை நிகழ்ச்சியில் காதுக்குப் புலப்படாத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை விட்டு விட்டு ஒலிக்கவிட்டபோது, இருப்பதே தெரியாமல் கூட்டம் சுமார் 12 சதவீதம் கூடுதலாக ஆடியது. மிருதங்கம் அவ்வளவு கீழே இறங்காது, ஆனாலும் இடப்பக்கத் தோலான தொப்பியில் வரும் கும்கி என்ற தாழ்ந்த ஓசையை உடம்பும் சேர்ந்துதான் கேட்கிறது. கைபேசியின் ஒலிபெருக்கியில் அதன் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

எழுந்து போகிறவர்கள் பலருக்குத் தாளம் தெரியாது, அதனால் அலுப்பு. எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத மூளைக்கு அது சத்தம்தான். ஆனால் ஆதி தாளம் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் ஒரு தட்டு ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு ஒரு வீச்சு, எட்டு ஆயிற்று. இரண்டு களைப் பாட்டென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போட வேண்டும். தனி தொடங்கிய பிறகு பிடிக்கப் பார்த்தால் சிரமம், பிரதான உருப்படியின் பல்லவியிலேயே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தொடங்கிவிடுங்கள். பாட்டு வரி தாளத்தின் எந்த இடத்தில் எடுக்கிறது என்பதையும் கவனித்து வையுங்கள், சமத்திலா, அரை இடம் தள்ளியா என்று. கடைசிக் கோர்வை அங்கேதான் வந்து இறங்கும், பாடகரும் அங்கேதான் வரியைப் பிடிப்பார். நடுவில் தாளம் தவறினால் பரவாயில்லை, அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்ளலாம்.