கடலைத் தாண்ட 16 மில்லிவினாடி, திண்ணையைத் தாண்ட ஒரு வினாடி

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று, அதன் மாடியில் ஒரு குடும்பம், இருவருக்கும் பொதுவாக ஒரே ஃபைபர் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். வைகாசி முகூர்த்தம் முடிந்த மறுநாள், ஸ்டுடியோக்காரர் பல ஜிபி வீடியோவைச் சென்னையில் இருக்கும் எடிட்டருக்கு ஏற்றத் தொடங்குகிறார். மாடியில் அம்மா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்கிறார். பதில் இல்லை. “என்ன குழம்பு?” என்று அடுத்த கேள்வியைப் போடுகிறார். அப்போதுதான் “சாப்பிட்டேன் அம்மா” என்பது வந்து சேர்கிறது.

சிங்கப்பூர் தூரம் என்பதால் இப்படி ஆவதில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே வங்கக் கடலைக் கடக்க 16 மில்லிவினாடி போதும். ஒரு வினாடியை விழுங்கியது திண்ணைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் இணையப் பெட்டி.

கணக்குப் போட்டால் புரியும். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில், ஒரு நெட்வொர்க் முனையின் வரிசையில் 1,000 பாக்கெட்டுகள் (தரவின் சிறு பொட்டலங்கள்) வரை நிற்கலாம் என்பது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கமான அளவு. ஒரு முழுப் பாக்கெட் 1,500 பைட், ஒரு பைட் 8 பிட். எல்லாம் சேர்ந்தால் 1.2 கோடி பிட். மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு ஒரு கோடி பிட், என்றால், அந்த வரிசை தீர 1.2 வினாடி ஆகும். அம்மாவின் குரலைச் சுமந்த பாக்கெட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வீடியோ பாக்கெட்டுகளுக்குப் பின்னால் அதே 1.2 வினாடி நின்றாக வேண்டும்.

வரிசையை இவ்வளவு நீளமாக வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நினைவகம் மலிவாகக் கிடைத்தது, பாக்கெட் தொலைவது பாவம் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் நம் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள கோளாறு உடனே தெரியும். தராசு ஒன்றுதான். குறுவை அறுவடை நேரத்தில் களத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும், ஒரு நாளில் எடை போடும் மூட்டைகள் கூடப்போவதில்லை. குவியல்தான் கூடும்; கடைசியில் வந்தவர் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு இன்னும் சில நாள் காவல் கிடப்பார். அதற்காகக் களமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வண்டி வரும்வரை தராசு சும்மா நிற்கக்கூடாது அல்லவா? அந்த அளவுக்குக் கொஞ்சம் நெல் போதும்.

பெட்டியின் வரிசை நிரம்பியே கிடப்பதற்குக் காரணம், இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி என்னும் நெறிமுறை. பாக்கெட் தொலையாதவரை ‘பாதையில் இடம் இருக்கிறது’ என்று நினைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது அதன் பழைய சுபாவம். தொலைந்தால்தான் தணியும். இந்தக் கட்டுப்பாடு வந்ததற்கே ஒரு விபத்து காரணம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சில நூறு மீட்டர் தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு நெரிசலில் 40 பிட்டாகச் சுருண்டது. அதன் பிறகு நெட்வொர்க் ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் வகுத்த முறையில், பாக்கெட் இழப்புதான் அனுப்புபவருக்குப் போகும் எச்சரிக்கை. பெரிய பஃபரோ, அதாவது இந்த நீள வரிசையோ, எதையும் தொலைக்காமல் பொத்திப் பொத்தி வைக்கிறது. எச்சரிக்கை போகவேண்டிய நேரத்தில் போவதில்லை. 2010இல் மென்பொருள் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தாமதம் எகிறுவதைக் கண்டு துருவினார். ‘பஃபர்புளோட்’ (பஃபர் வீக்கம்) என்ற பெயர் அதன்பின்தான் பரவியது.

சரி, வரிசையில் ஒழுங்குமுறை கொண்டுவந்தால் போதாதா? குரலுக்கு முன்னுரிமை என்று விதி எழுதினால்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வரிசைகள் இரண்டு. மேலே இருப்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வரிசை; அங்கே விதி வைக்கலாம், ஆள் மாற்றலாம். கீழே நெட்வொர்க் கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வைத்திருக்கும் வளையம் இருக்கிறது. அதில் இறங்கிய பாக்கெட் இறங்கியதுதான். வந்த வரிசையில் போகும். யாரும் யாரையும் முந்த முடியாது. கீழ் வளையம் நீளமாக இருந்தால், மேலே எவ்வளவு சாமர்த்தியமாக விதி எழுதினாலும் பயன் இல்லை. கூட்டம் எல்லாம் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும்.

அந்த வளையத்தை எண்ணிக்கையால் அளப்பது இன்னொரு வினை. 256 இடங்கள் கொண்ட வளையத்தில் 64 பைட் சிறு பாக்கெட்டுகள் நின்றால் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 13 மில்லிவினாடியில் தீரும். அதே 256 இடங்களில் 1,500 பைட் பாக்கெட்டுகள் நின்றால் 300 மில்லிவினாடியைத் தாண்டும்.

2012 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 3.3இல் கூகுள் பொறியாளர் டாம் ஹெர்பர்ட் சேர்த்த பிகியூஎல் (வளையத்துக்குப் பைட் கணக்கில் வரம்பு வைக்கும் முறை) இதற்கு மாற்று தந்தது. வளையத்தில் எத்தனை பைட் இறங்கியது, எத்தனை பைட் வெளியே போய் முடிந்தது என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருக்கும். மேலே பாக்கெட் காத்திருக்கையில் கார்டு வெறுமையாக நின்றுவிட்டால் வரம்பு உயரும். எப்போதும் மிச்சம் தேங்கியே இருந்தால் வரம்பு இறங்கும். யாரும் எண்ணைக் கையால் குறிக்க வேண்டியதில்லை. என் பார்வையில், இந்தக் கதையில் பேசப்படாத கதாநாயகன் இதுதான். கூட்டம் மேலேயே நிற்பதால் மேலே உள்ள விதிகளுக்கு வேலை கிடைத்தது.

அந்த விதி அதே ஆண்டே வந்தது. கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் உருவாக்கிய கோடெல், வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிவினாடி முழுக்கக் காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே கீழே போடும். அனுப்புபவர் தணிந்துகொள்வார். இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை தரும் எஃப்கியூ-கோடெல் லினக்ஸ் 3.5இல் சேர்ந்தது. அவ்வப்போது ஒன்றிரண்டாக வரும் குரல் பாக்கெட்டுகள் அதில் வீடியோ மலைக்குப் பின்னால் நிற்பதில்லை.

கும்பகோணத்து மாடிக்கு இது அப்படியே உதவிவிடாது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையே உள்ள ஈதர்நெட் 1 ஜிபிபிஎஸ், அதாவது மேலேற்றும் வேகத்தைப்போல நூறு மடங்கு; ரவுட்டருக்கு நெரிசலே தெரியாது, தேக்கம் ஃபைபர் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே ரவுட்டரில் மேலேற்றும் வேகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து, 10 இருந்தால் 9 என்று கட்டிவைக்க வேண்டும். அப்போது தேக்கம் நம் கைக்குள் வரும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இதற்கென்றே கேக் என்ற வரிசை முறை கிடைக்கிறது, லினக்ஸ் 4.19இல், 2018இல் சேர்ந்தது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். வீடியோ ஏற கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். இறக்கும் திசையில் வரிசை இணைப்பு தருபவரின் பக்கம் இருப்பதால் அங்கும் இதே போலக் கட்டலாம், ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்காது. பலன் தெரிய வேண்டுமானால், பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். ஏற்றாதபோது வந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.